இடது மணிக்கட்டு மேலே எப்படி இருக்க வேண்டும்? செவன் அயர்ன் வலது பக்கமே போகிறது

#1 ஏழாம் நம்பர் (சென்னை)

வணக்கம் நண்பர்களே. நான் வலக்கை கோல்ஃப் ஆட்டக்காரன், ஹேண்டிகேப் இருபதை ஒட்டி (சுமாரான ஆட்டம்தான்). பிரச்சினை அயர்ன் என்கிற இரும்புத்தலைக் கிளப்களில், அதிலும் ஏழாம் நம்பரான செவன் அயர்னில். பந்து கொக்கு மாதிரி உயரமாக எழும்பி, வலது பக்கம் ஒதுங்கி, குழி இருக்கிற கிரீனுக்கு முன்னாலேயே விழுந்துவிடுகிறது. நன்றாகப் பட்டது என்று கை சொல்லும். போய்ப் பார்த்தால் ஒன்பதாம் நம்பர் அயர்ன் போகிற தூரம்தான் போயிருக்கும். நடுநடுவே பந்தின் வயிற்றில் பட்டுத் தரையோடு ஓடுகிற தின் ஷாட்டும் உண்டு.

ஃபோனில் எடுத்த வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். பந்தைத் தொடுகிற இடத்தில் கிளப் தலை என் கைகளைத் தாண்டி முன்னால் வந்துவிடுகிறது. இடது மணிக்கட்டு புறங்கைப் பக்கமாக மடங்கிக் கிடக்கிறது. பயிற்சி ரேஞ்சில் சொல்லிக்கொடுப்பவர் ‘ஃப்ளிப் பண்ணாதே, மணிக்கட்டை இறுக்கு’ என்கிறார். இறுக்கினால் பந்து இன்னும் வலது பக்கம் போகிறது. யூடியூபைத் திறந்தால் அமெரிக்க ஆட்டக்காரர் டஸ்டின் ஜான்சன் மாதிரி மேலேயே மணிக்கட்டை உள்ளங்கைப் பக்கம் மடக்கு என்கிறார்கள். மடக்கினால் இடது பக்க வலையில் போய் அடிக்கிறது.

எதைத்தான் கேட்பது? கிளப்பைப் பின்னால் தூக்குகிற பேக்ஸ்விங்கின் உச்சியில் இடது மணிக்கட்டு தட்டையாக இருக்க வேண்டுமா, புறங்கைப் பக்கம் மடங்க வேண்டுமா (கப்பிங்), உள்ளங்கைப் பக்கம் மடங்க வேண்டுமா (போயிங்)?

#2 பழைய பௌலர் (பெங்களூரு)

மடக்கவும் வேண்டாம், உடைக்கவும் வேண்டாம். தட்டையாக வைத்து அடியுங்கள். கிரிக்கெட்டில் ஸ்ட்ரெயிட் டிரைவுக்கு மேல்கை எப்படி முன்னால் போகிறதோ அதே கதைதான். இதை யோசித்து யோசித்தே ஆட்டத்தைக் கெடுத்துக்கொள்கிறோம்.

#3 செட்டிபாளையத்தார் (கோவை)

தம்பி, மணிக்கட்டைப் பற்றி இவ்வளவு எழுதியிருக்கிறீர்கள், கிரிப்பைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லையே. பந்தருகே நின்று கீழே பார்த்தால் இடது புறங்கையில் எத்தனை விரல் கணுக்கள் தெரிகின்றன? இடது பெருவிரல் கிளப்பின் தண்டான ஷாஃப்டின் நடுவில் நிற்கிறதா, வலது பக்கம் சாய்ந்து நிற்கிறதா? கிளவுஸ் எங்கே தேய்ந்திருக்கிறது? முதலில் இதைச் சொல்லுங்கள்.

#4 ஏழாம் நம்பர் (சென்னை)

ஒரு கணுதான் தெரிகிறது சார், சில நாள் அதுவும் சரியாகத் தெரியாது. பெருவிரல் நடுவில், நேராக. கிளவுஸில் உள்ளங்கையின் அடிப்பக்கம், சுண்டுவிரலுக்கு நேர் கீழே ஒரு மேடு இருக்கிறதே, அங்கே ஓட்டையே விழுந்துவிட்டது. மற்ற இடமெல்லாம் புதுசு மாதிரி இருக்கிறது. நம் ஊர் வியர்வை என்று நினைத்துக்கொண்டேன்.

#5 செட்டிபாளையத்தார் (கோவை)

வியர்வைக்கும் பங்கு உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. மே மாதச் சென்னையில் எந்தக் கிரிப்பும் வழுக்கும். ஆனால் அந்த மேட்டில் மட்டும் ஓட்டை விழுகிறது என்றால் ஸ்விங்கின் நடுவே கிளப் உங்கள் கைக்குள் நகர்கிறது. நீங்கள் கிளப்பை உள்ளங்கைக்குக் குறுக்கே வைத்துப் பிடிக்கிறீர்கள். அது விரல்களில் கிடக்க வேண்டும். ஆள்காட்டி விரலின் நடுக்கணுவில் தொடங்கி, சுண்டுவிரலின் அடியில் முடிந்து, அந்த மேடு கிரிப்பின் மேலே ஏறி உட்கார வேண்டும். இப்படிப் பிடித்துவிட்டு, இடது கையால் மட்டும் கிளப்பை மேலே தூக்கிப் பாருங்கள். பெருவிரல் பக்கம் மணிக்கட்டு எவ்வளவு லேசாக மடங்குகிறது என்று தெரியும். உள்ளங்கைக்குள் வைத்துத் தூக்கினால் பாதியிலேயே முட்டிக்கொண்டு நிற்கும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஒரு கணு தெரிகிற கிரிப் வீக் கிரிப், அதாவது இடது கை இலக்குப் பக்கம் அதிகம் திரும்பிய பிடி. அதோடு மேலே போகும்போது மணிக்கட்டு புறங்கைப் பக்கம் கொஞ்சம் மடங்கினால் போதும், கிளப் முகம் நன்றாகத் திறந்துவிடும், அதாவது வலது பக்கம் பார்க்கும். உச்சியில் வீடியோவை நிறுத்திப் பாருங்கள். கிளப் தலையின் நுனியான டோ நேராகத் தரையைப் பார்த்துத் தொங்கினால் திறந்த முகம். முகம் வானத்தைப் பார்த்தால் மூடிய முகம். உங்களுடையது தொங்கும், பந்தயமே கட்டலாம்.

அந்தத் திறந்த முகத்தோடு கீழே இறங்குகிறீர்கள். இப்படியே போனால் பந்து வலது பக்கப் புதருக்குள் என்பது உடம்புக்குத் தெரிந்துவிடும். கடைசி நேரத்தில் கை தானாகவே புரட்டுகிறது. ஃப்ளிப் என்று எல்லாரும் திட்டுகிறார்களே, அது முகத்தைக் காப்பாற்ற உடம்பு கண்டுபிடித்த வழி. முகம் திறந்தே இருக்கும்போது அந்த வழியை மட்டும் அடைத்தால் வலது பக்கம் கூடுமே தவிரக் குறையாது. ரேஞ்சில் உங்களுக்கு நடந்தது இதுதான்.

ஜான்சன் மாதிரி மடக்கினீர்களே, அப்போது முகம் மேலேயே மூடிவிட்டது. ஆனால் கை பழைய பழக்கத்தில் கீழேயும் புரட்டியது. ஒரே காய்ச்சலுக்கு இரண்டு டாக்டரிடம் வாங்கிய மாத்திரையைச் சேர்த்து விழுங்கின மாதிரி. வலைக்குப் போகாமல் என்ன செய்யும்?

#6 பழைய பௌலர் (பெங்களூரு)

சார், மரியாதையோடு மறுக்கிறேன். வீக் கிரிப் அவ்வளவு மோசம் என்றால் அந்தக் காலத்து சாம்பியன் பென் ஹோகன் எப்படி ஆடினார்? அவருடையது வீக் கிரிப், உச்சியில் கப்பிங் வேறு. 1953-இல் மாஸ்டர்ஸ், யூஎஸ் ஓப்பன், பிரிட்டிஷ் ஓப்பன் என்ற மூன்று பெரிய போட்டிகளையும் வென்றவர். பந்து அடிப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை என்று இன்றும் சொல்கிறார்கள். கிரிப்பை மாற்றச் சொன்னால் தம்பிக்கு ஆறு மாதம் போய்விடும்.

#7 கணக்கு வாத்தியார் (சிங்கப்பூர்)

ஹோகன் பெயரை எடுத்ததால் நுழைகிறேன்.

ஹோகனின் வியாதி வலது பக்கம் வளைகிற ஸ்லைஸ் அல்ல, ஹூக். தொழில்முறைப் போட்டித் தொடரான டூரில் ஆரம்ப வருடங்களில் அவரைப் படாதபாடு படுத்தியது இடது பக்கம் சுருண்டு விழுகிற பந்து. அதை ஒழிக்கத்தான் பெருவிரலை நடுப்பக்கம் நகர்த்தி கிரிப்பை வீக் ஆக்கினார், உச்சியில் இடது மணிக்கட்டைக் கொஞ்சம் கப் ஆக்கினார். இரண்டுமே முகத்தைத் திறக்கிற வேலை. 1955-இல் லைஃப் பத்திரிகையில் இந்த ‘ரகசியத்தை’ அவரே வெளியிட்டார். சாதாரண ஆட்டக்காரருக்கு இது கெடுதல்தான் செய்யும் என்று அப்போதே எச்சரிக்கவும் செய்தார். முகத்தை அவ்வளவு திறந்துவிட்டு, கீழே வரும்போது இடது முன்கையை அவர் சுழற்றுகிற வேகம் நமக்கு வராது. பந்தைத் தொடும்போது அவருடைய இடது மணிக்கட்டு இலக்கைப் பார்த்துப் புடைத்து நிற்கும். 1957-இல் அவர் எழுதிய பாடங்களில் அழுத்திச் சொன்னதும் அதைத்தான்.

ஹூக்குக்காரர் எழுதிக்கொண்ட மருந்தை ஸ்லைஸ்காரர்கள் எழுபது வருடமாகச் சாப்பிடுகிறார்கள். கோல்ஃப் உலகில் எனக்குப் பிடித்த வேடிக்கை இது.

#8 பழைய பௌலர் (பெங்களூரு)

வரலாறு சரி. ஆனால் ஜான்சன் கிரிப் ஒன்றும் வீக் இல்லையே, இருந்தும் அவ்வளவு போயிங் வைத்திருக்கிறார். செட்டிபாளையத்தார் கணக்குப்படி அவர் பந்தெல்லாம் இடது பக்கம் அல்லவா போக வேண்டும்? 2016-இல் ஓக்மான்டில் யூஎஸ் ஓப்பன் வென்றார். 2020 மாஸ்டர்ஸை மொத்தம் 268 அடியில் முடித்து, மிகக் குறைந்த ஸ்கோர் என்ற சாதனையே படைத்தார்.

#9 கணக்கு வாத்தியார் (சிங்கப்பூர்)

நல்ல கேள்வி. இதற்குப் பதில் சொல்ல ஒரு தோசைத்திருப்பி வேண்டும். விளையாட்டாகச் சொல்லவில்லை, அடுப்படிக்குப் போய் எடுத்து வாருங்கள். கைப்பிடி நேராக, நுனியில் தட்டையான தகடு இருக்கிறதுதான் வேண்டும். தகடுதான் கிளப் முகம்.

இடது கையால் பிடித்து, முன்கையைத் தரைக்கு இணையாக நீட்டுங்கள். மணிக்கட்டைப் பெருவிரல் பக்கம் மடக்கித் திருப்பியை நிமிர்த்துங்கள். முன்கைக்கும் கைப்பிடிக்கும் நடுவே கிட்டத்தட்ட 90 டிகிரி. கிளப் கீழே இறங்குகிற டவுன்ஸ்விங்கில் இடது கை தரைக்கு இணையாக இருக்கும் இடம் இது. இப்போது மணிக்கட்டை உள்ளங்கைப் பக்கம் மடக்குங்கள், பிறகு புறங்கைப் பக்கம். கைப்பிடி நின்ற இடத்திலேயே நிற்க, தகடு மட்டும் கதவு மாதிரித் திரும்புகிறது, பார்த்தீர்களா? அடுத்து, மணிக்கட்டை அசைக்காமல் முன்கையை மட்டும் சுழற்றுங்கள். மொத்தத் திருப்பியும் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் சாய்கிறது. அதாவது ஸ்விங்கின் தளம் மாறுகிறது.

இனி இரண்டாவது நிலை. கையைக் கீழே இறக்கி, முன்கையும் கைப்பிடியும் கிட்டத்தட்ட ஒரே கோட்டில் வருமாறு வையுங்கள். பந்தைத் தொடுகிற இடம். இங்கே அதே இரண்டு அசைவுகளையும் செய்யுங்கள். முன்கையைச் சுழற்றினால் தகடு திரும்புகிறது. மணிக்கட்டை மடக்கினால் தகடு அதிகம் திரும்பாமல், கைப்பிடி முன்னாலோ பின்னாலோ சாய்கிறது. இரண்டின் வேலையும் இடம் மாறிவிட்டது!

இதிலிருந்து என்ன தெரிகிறது? மணிக்கட்டு மடங்கியிருக்கிற நேரத்தில், அதாவது உச்சியிலும் டவுன்ஸ்விங்கின் முதல் பாதியிலும், முகத்தை மூடுகிற கருவி போயிங். மணிக்கட்டு அவிழ்ந்த பிறகு முகத்தை மூடுகிற கருவி முன்கைச் சுழற்சி. போயிங்கைக் கடைசி நேரத்துக்குத் தள்ளிப்போட்டால் ஷாஃப்ட் சாய்வு கிடைக்கும், முகம் சரியாகாது. ஏழாம் நம்பருக்கு ‘இறுக்கு’ என்று சொன்னபோது நடந்தது இதுவே. திறந்த முகம் திறந்தபடியே, ஷாஃப்ட் மட்டும் சாய்ந்து வந்தது.

ஃப்ளிப்பையும் திருப்பியில் செய்து பாருங்கள். கீழே புறங்கைப் பக்கம் மடக்கினால் தகடு வானத்தைப் பார்க்கத் தொடங்குகிறது. செவன் அயர்னுக்கு ஒன்பதின் லாஃப்ட், அதாவது முகம் மேல்நோக்கிச் சாய்கிற அளவு, வந்துவிடுகிறது. தூரம் எங்கே போனது என்ற கேள்விக்குப் பதில் அங்கே இருக்கிறது.

இப்போது ஜான்சன். அவர் முகத்தை உச்சியிலேயே மூடிவிடுகிறார். அதனால் கீழே முன்கையைச் சுழற்ற வேண்டிய அவசியம் இல்லை. அதற்குப் பதில் இடுப்பையும் நெஞ்சையும் இலக்குப் பக்கம் நன்றாகத் திறந்துகொண்டு போகிறார். மூடிய முகமும் திறந்த உடம்பும் கணக்குத் தீர்ந்துவிடுகின்றன. பந்து பெரும்பாலும் லேசாக வலது பக்கம் வளைகிற ஃபேட். ஜான் ராம், காலின் மோரிகாவா இருவரும் ஏறக்குறைய இதே குடும்பம். உடம்பு அப்படித் திரும்பாத ஆள் மணிக்கட்டை மட்டும் அவரிடமிருந்து கடன் வாங்கினால் இடது பக்க வலைதான்.

#10 ஏழாம் நம்பர் (சென்னை)

வாத்தியாரே, திருப்பியோடு நிற்கும்போது வீட்டில் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது. ஆனால் விளங்கிவிட்டது. கதவு மாதிரித் திரும்புகிறது என்பதைக் கையில் பார்த்த பிறகுதான் யூடியூப்காரர்கள் சொன்னதே புரிகிறது.

ஒரு சந்தேகம். லேக், லேக் என்கிறார்களே, மணிக்கட்டுக் கோணத்தைக் கடைசிவரை பிடித்து வைக்க வேண்டுமாமே. அதைத் தனியாகப் பழக வேண்டுமா?

#11 கணக்கு வாத்தியார் (சிங்கப்பூர்)

வேண்டாம். கையைக் கூப்பிக் கேட்டுக்கொள்கிறேன், வேண்டாம்.

1968-இல் பிரிட்டனில் காக்ரன், ஸ்டாப்ஸ் இருவரும் கோல்ஃப் ஸ்விங்கைப் பற்றிய பெரிய ஆய்வை வெளியிட்டார்கள். ஸ்விங்கை இரண்டு தண்டுகளாகச் சுருக்கிப் பார்க்கலாம் என்பது அவர்கள் காட்டிய வழி. மேல்தண்டு தோளும் கையும், கீழ்த்தண்டு கிளப், நடுவில் கீல் மணிக்கட்டு. மேல்தண்டு சுழலத் தொடங்கியதும் கீழ்த்தண்டு வெளியே வீசப்படத் துடிக்கிறது. நாம் ஒன்றும் செய்யாமலே கீல் அவிழும். அவிழ்கிறபோது கிளப் தலை வேகம் கூடுகிறது, கைகளின் வேகம் குறைகிறது. நல்ல ஆட்டக்காரர்களின் கைகள் பந்துக்கு முன்பே மெதுவாகத் தொடங்கிவிடுவது இதனால்தான். கையிலிருந்த வேகம் கிளப்புக்குப் போய்விடுகிறது.

நாம் கெடுக்கிற விதம் இரண்டு. ஒன்று, உச்சியிலேயே மணிக்கட்டைத் தள்ளி அவிழ்த்துவிடுவது, காஸ்டிங் என்பார்கள். சீக்கிரமே அவிழ்ந்த கிளப்பின் வேகம் பந்துக்கு முன்னாலேயே செலவாகிவிடும். இன்னொன்று, கோணத்தை வம்படியாகப் பிடித்துக்கொண்டே வருவது. அப்போது அவிழ்ந்து முடிவதற்கு நேரமில்லை. முகம் திறந்து, வேகமும் இல்லாமல், பந்து வலது பக்கம். செர்ஜியோ கார்சியாவின் படத்தைக் காட்டி அந்தக் கோணத்தைப் பழகு என்று சொல்கிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். அவர் அதைப் பிடித்து வைக்கவில்லை. உடம்பு முன்னால் போனது, கிளப் பின்தங்கியது.

டவுன்ஸ்விங் மொத்தமே ஏறத்தாழ கால் நொடி. பந்தும் முகமும் ஒட்டியிருக்கும் நேரம் ஒரு நொடியின் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு அளவு. அதற்குள் ‘இப்போது பிடி, இப்போது விடு’ என்று மூளை உத்தரவு போட்டு, அது கைக்குப் போய்ச் சேர வழியே இல்லை. மேலே போகும்போது என்ன செய்து வைத்தோமோ அதுதான் கீழே வரும்.

#12 இடக்கைக்காரன் (டொராண்டோ)

எல்லாரும் இடது, வலது என்றே எழுதுகிறீர்கள். என்னைப் போன்ற இடக்கை ஆட்டக்காரன் ஒவ்வொரு வரியையும் கண்ணாடியில் பார்த்துப் படிக்க வேண்டியிருக்கிறது. பாப் சார்ல்ஸ் 1963-இலேயே பிரிட்டிஷ் ஓப்பனை வென்றுவிட்டார் ஐயா, எங்களுக்கும் கொஞ்சம் இடம் கொடுங்கள். எங்கள் ஊர் மைக் வியர் 2003-இல் மாஸ்டர்ஸ் வென்றபோதாவது எங்கள் நினைப்பு வந்திருக்க வேண்டும்.

புலம்பல் போதும், கேள்விக்கு வருகிறேன். ரேஞ்சில் நிறைய அடித்த வாரங்களில் இலக்குப் பக்கம் இருக்கிற கையின் மணிக்கட்டில் (எனக்கு வலது) சுண்டுவிரல் பக்கம் வலிக்கிறது. பாட்டில் மூடியைத் திருகினால் சுள்ளென்கிறது. இதுவும் ஃப்ளிப்பின் வேலையா?

#13 கைவைத்தியர் (சென்னை)

நான் பிசியோதெரபிஸ்ட். கோல்ஃப் ஆடுவதில்லை, ஆடி வலியோடு வருகிறவர்களைப் பார்க்கிறேன். பார்க்காமல் நோயின் பெயர் சொல்ல மாட்டேன். என்னென்ன இருக்கலாம் என்று மட்டும் சொல்கிறேன்.

ஸ்விங்கில் இலக்குப் பக்கக் கையின் மணிக்கட்டு பெருவிரல் பக்கம் முழுக்க மடங்கி, கால் நொடியில் சுண்டுவிரல் பக்கம் முழுக்கச் சாய்கிறது. அதோடு முன்கையும் சுழல்கிறது. சுண்டுவிரல் பக்கம் ஓடும் ஒரு தசைநாண் தன் பள்ளத்தில் தேய்ந்து வீங்கலாம். அங்கேயே இரண்டு முன்கை எலும்புகளுக்கும் மணிக்கட்டு எலும்புகளுக்கும் நடுவே மெத்தை மாதிரி ஒரு குருத்தெலும்பு இருக்கிறது, அது கிழியலாம். மூடி திருகும்போது வலி என்பதற்கு இவை இரண்டுமே பொருந்தும்.

நான் இன்னும் கவனமாகப் பார்க்கச் சொல்வது வேறொன்றை. மேலே ஏழாம் நம்பர் கிளவுஸில் ஓட்டை என்று சொன்ன அதே மேட்டுக்கு அடியில் ஹேமேட் என்ற சிறு எலும்பும், அதில் கொக்கி போல ஒரு நீட்சியும் உண்டு. கிரிப்பின் முனை சரியாக அங்கேதான் குத்தும். தரையில் ஓங்கி அடித்தாலோ, வேரில் மாட்டினாலோ, ரேஞ்சின் செயற்கை விரிப்பில் திரும்பத் திரும்ப அடித்தாலோ அந்தக் கொக்கி உடையலாம். சாதாரண எக்ஸ்ரேயில் பல சமயம் தெரியாது, தனிக் கோணத்தில் எடுக்க வேண்டும் அல்லது சிடி ஸ்கேன் வேண்டும். அந்த இடத்தை அழுத்தினால் வலி, பிடியில் பலம் குறைவு, சுண்டுவிரலில் மரத்துப்போகிற உணர்வு இதெல்லாம் இருந்தால் எலும்பு மருத்துவரைப் பாருங்கள் சார். ‘சுளுக்கு, தைலம் தேய்த்தால் போகும்’ என்று தள்ளிப்போடாதீர்கள்.

இன்னொரு விஷயம். முழங்கையின் உள்பக்கம் வலித்தால் கோல்ஃபர்ஸ் எல்போ என்று எல்லாருக்கும் தெரியும், அது இலக்குக்கு எதிர்ப்பக்கக் கையில் வருவதுதான் வழக்கம். இலக்குப் பக்கக் கையில் முழங்கையின் வெளிப்பக்கம் வலிக்கிறது என்று வருகிற கோல்ஃப்காரர்களும் நிறைய. கிளப்பை நெரித்துப் பிடிக்கிறவர்களுக்கு இது சீக்கிரம் வரும்.

#14 நுவரெலியா மூடுபனி

பிசியோ அக்கா செயற்கை விரிப்பைப் பற்றிச் சொன்னது முற்றிலும் சரி. அந்த விரிப்பு ஒரு பொய்யும் சொல்லும். பந்துக்கு இரண்டு அங்குலம் பின்னால் தரையில் பட்டாலும் கிளப் வழுக்கிக்கொண்டு போய்ப் பந்தைத் தூக்கிவிடும். அடிக்கிறவர் நல்ல ஷாட் என்று நினைத்துக்கொள்வார். இங்கே எங்கள் பக்கம் மழையில் ஊறின நிலத்தில் அதே அடியை அடித்தால் கிளப் அப்படியே புதைந்து, பந்து காலடியிலேயே கிடக்கும். ஈர மண்ணைவிட நல்ல வாத்தியார் இல்லை.

ஏழாம் நம்பர் அண்ணைக்கு என் யோசனை: மணிக்கட்டை வீடியோவில் பார்ப்பதைக் கொஞ்ச நாள் விடுங்கள். புல்லில் ஒரு கோடு கீறி, கோட்டின் மேல் பந்தை வைத்து அடியுங்கள். கிளப் புல்லைப் பெயர்க்கிற பள்ளமான டிவட் கோட்டுக்கு முன்னால், இலக்குப் பக்கம் தொடங்க வேண்டும். கோட்டுக்குப் பின்னால் தொடங்கினால் கிளப் தலை கைகளை முந்திவிட்டது என்று நிலமே சொல்லிவிடும். எவரும் வந்து கதைக்கத் தேவையில்லை.

#15 பழைய பௌலர் (பெங்களூரு)

கோடு கீறுவதை ஆமோதிக்கிறேன். ஆனால் கிரிப் மாற்றம் விஷயத்தில் இன்னும் எனக்குச் சம்மதம் இல்லை. மணிக்கட்டையே பயன்படுத்தாமல் ஆடலாம் என்று அமெரிக்க ஆட்டக்காரர் ப்ரைசன் டிஷாம்போ காட்டிவிட்டாரே. தடித்த கிரிப், எல்லா அயர்னும் ஒரே நீளம், மணிக்கட்டு ஒரே நிலையில் பூட்டின மாதிரி. 2020, 2024 இரண்டு யூஎஸ் ஓப்பன். இன்னொரு பக்கம் ஜிம் ஃப்யூரிக், கிளப்பை வானத்துக்குத் தூக்கி ஒரு வளையம் போட்டு இறக்குகிறார். 2016-இல் டூரில் ஒரு சுற்றை 58 அடியிலேயே முடித்தார். ஆளுக்கொரு வழி இருக்கும்போது இதுதான் சரி என்று எப்படிச் சொல்வது?

#16 செட்டிபாளையத்தார் (கோவை)

ஆளுக்கொரு வழிதான் பௌலர், மறுக்கவில்லை. ஆனால் நீங்கள் சொன்ன அத்தனை பேரின் வீடியோவையும் பந்தைத் தொடுகிற நேரத்தில் நிறுத்துங்கள். அயர்னில் எல்லாருக்கும் கைகள் பந்துக்கு முன்னால், இலக்குப் பக்கக் கையின் மணிக்கட்டு தட்டையாகவோ லேசாக இலக்கைப் பார்த்துப் புடைத்தோ இருக்கும், முகம் இலக்கை ஒட்டியிருக்கும். மேலே எப்படிப் போனார்கள் என்பது அவரவர் விருப்பம். ராம் பேக்ஸ்விங் பாதிதான் போகும். பிறவியிலேயே வலது பாதத்தில் குறை, கணுக்கால் அவ்வளவாக வளையாது. அவர் உடம்புக்கு அவர் வழி. டிஷாம்போ செய்கிறதைச் செய்ய டிஷாம்போவின் உழைப்பும் உடம்பும் வேண்டும். வாரம் ஒருமுறை ஆடி, மற்ற நாளெல்லாம் கணினி முன் உட்காருகிற மனிதருக்கு எது மலிவு என்று பார்க்க வேண்டும். கிரிப்பை அரை அங்குலம் திருப்புவதுதான் மலிவு.

பந்து கிளம்புகிற திசையில் பெரும்பங்கு கிளப் முகத்துக்கு. அயர்னில் சுமார் முக்கால் பங்கு, தூரத்துக்கு அடிக்கிற கிளப்பான டிரைவரில் அதைவிடக் கூட. அதனால் முகத்தை முதலில் சரிசெய்வோம், தளம், பாதை எல்லாம் அப்புறம்.

தம்பி, செய்ய வேண்டியது இது. இடது கையை விரல்களில் பிடித்து, இரண்டு கணு நன்றாகத் தெரிந்து மூன்றாவது எட்டிப்பார்க்கும் அளவு வலது பக்கம் திருப்புங்கள். பெருவிரல் ஷாஃப்டின் நடுவிலிருந்து சற்று வலது பக்கம். வலது உள்ளங்கையின் ரேகைப் பள்ளம் அந்தப் பெருவிரலை மூடிக்கொள்ள வேண்டும். இது அசிங்கமாக, ஹூக் விழப்போகிற மாதிரித் தோன்றும். தோன்றட்டும். உச்சியில் இடது மணிக்கட்டு தட்டையாகவோ கொஞ்சம் கப் ஆகவோ இருந்தாலும் இந்தக் கிரிப்பில் முகம் நேராகத்தான் இருக்கும். ஜான்சனை மறந்துவிடுங்கள்.

அப்புறம் இடுப்பு உயரத்திலிருந்து இடுப்பு உயரம் வரை சின்னச் சின்ன அடி, பாதி வேகத்துக்கும் கீழே. வலது மணிக்கட்டு மேலே பின்பக்கம் மடங்கியிருக்கும் இல்லையா, அந்த மடிப்பு பந்தைத் தாண்டும்வரை கொஞ்சமாவது மிச்சம் இருக்க வேண்டும். இடது கையை மட்டும் யோசிக்கிறோம், ஆனால் வலது மடிப்பு இருந்தால் இடது தட்டையாகத்தான் இருந்தாக வேண்டும். இரண்டு கையும் ஒரே கிரிப்பில்தானே இருக்கின்றன.

#17 ஏழாம் நம்பர் (சென்னை)

இந்த வார இறுதியில் புல்லில் அடிக்க இடம் கிடைத்தது. கிரிப்பை மாற்றினேன். சார் சொன்ன மாதிரியே அசிங்கமாக இருக்கிறது, பிடித்தவுடனே பந்து இடது பக்கம் ஓடப்போகிறது என்ற பயம். சின்ன அடிகளில் பந்து தாழ்வாக, நேராகக் கிளம்பியது. சத்தமே வேறு. முழு ஸ்விங் போனதும் பாதி பழையபடி வலது பக்கம், பாதி இடது பக்கம். டிவட் சில கோட்டுக்கு முன்னால், சில பின்னால்.

#18 செட்டிபாளையத்தார் (கோவை)

இடது பக்கம் போனவற்றில் பந்து சுருண்டு போனதா, நேர்கோட்டில் போனதா? நேர்கோட்டில் என்றால் கிரிப்பைத் தொடாதீர்கள். உடம்பு இன்னும் நின்ற இடத்தில் நிற்கிறது, கை மட்டும் போகிறது. பெல்ட் பக்கிள் இலக்கைப் பார்க்கும்வரை திரும்பி முடியுங்கள். சுருண்டு விழுந்தால் பழைய புரட்டல் இன்னும் போகவில்லை என்று அர்த்தம், சின்ன அடிக்கே திரும்புங்கள். வலது பக்கம் போனவை எதனால் என்று கேட்கவே வேண்டாம். அந்த ஷாட்களில் பெருவிரல் தானாக நடுவுக்கு வந்திருக்கும். ஒவ்வொரு பந்துக்கும் கையை எடுத்துவிட்டுப் புதிதாகப் பிடியுங்கள்.

கிளவுஸைத் தூக்கிப்போட்டுப் புதுசு வாங்குங்கள். ஓட்டை விழுந்த கிளவுஸோடு புதுக் கிரிப் பழகினால் கை பழைய இடத்துக்கே போகும்.

#19 இடக்கைக்காரன் (டொராண்டோ)

கைவைத்தியர் அக்காவுக்கு நன்றி. ஸ்கேனுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், அதுவரை ரேஞ்சுக்கு விடுமுறை. கிரீன் ஓரத்துச் சின்ன அடியான சிப்பிங் மட்டும் செய்யலாமா?

#20 கைவைத்தியர் (சென்னை)

ஸ்கேன் முடிவு வரும்வரை அதுவும் வேண்டாம் சார். பந்தைக் குழிக்கு உருட்டுகிற புட்டிங் செய்யுங்கள், வலி இல்லாமல் இருந்தால்.

#21 ஏழாம் நம்பர் (சென்னை)

கடைசியாக ஒன்று. டிரைவருக்கும் இதே கிரிப், இதே மணிக்கட்டுதானா? அதில் கைகள் பந்துக்கு முன்னால் இருந்தால் பந்து எழும்பாது என்கிறார்களே.

#22 கணக்கு வாத்தியார் (சிங்கப்பூர்)

கிரிப் அதேதான், மாற்றாதீர்கள். உச்சியில் முகமும் அதே. மாறுவது பந்து இருக்கிற இடம். டூர் ஆட்டக்காரர்களின் செவன் அயர்ன் சுமார் 4 டிகிரி கீழ்நோக்கி இறங்கும்போது பந்தைத் தொடுகிறது. அதனால் கை முன்னால் இருக்கிறது. டிரைவரில் பந்து டீ என்ற சிறு குச்சியின் மேல், இடது குதிகாலுக்கு நேரே. ஸ்விங்கின் அடிப்புள்ளியைத் தாண்டி, கிளப் மேலேறத் தொடங்குகிற இடத்தில் பந்து காத்திருக்கிறது. அங்கே வருவதற்குள் மணிக்கட்டு கிட்டத்தட்ட முழுக்க அவிழ்ந்திருக்கும், ஷாஃப்ட் ஏறக்குறைய நேராக நிற்கும். நீங்கள் கையால் எதையும் சேர்க்க வேண்டாம், பந்தை முன்னால் வைத்தாலே போதும். ஒன்றை மட்டும் பாருங்கள். பந்தை முன்னால் வைத்ததும் தோள் இடது பக்கம் திறந்துகொள்ளும். தோளை மூடி நில்லுங்கள், இல்லாவிட்டால் பழைய ஸ்லைஸ் டிரைவரில் திரும்பி வரும்.